ஏழரை லட்சம் செலவழித்த ஆக்டேவியா என்ன விலைக்குப் போகும்?

பொம்மனஹள்ளியில் இருக்கும் கிருஷ்ணகிரித் தம்பி ஒருவர் கேட்டதற்கான பதில் இது. அவரிடம் 2005 நவம்பரில் பதிவான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் (ஆக்டேவியாவின் ஸ்போர்ட்ஸ் வகை) இருக்கிறது. கேஏ-05 வண்டி, 1,38,000 கிலோமீட்டர் ஓடியது, இவர் மூன்றாவது ஓனர். 3.2 லட்சத்துக்கு வாங்கியவர் அதன்பின் 7.6 லட்சம் செலவழித்திருக்கிறார். கணக்கையும் எழுதி அனுப்பியிருக்கிறார்: ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) 45,000, டவுன்பைப்போடு (டர்போவிலிருந்து புகை இறங்கும் குழாய்) முழு எக்சாஸ்ட் 85,000, காயிலோவர் (உயரம் கூட்டிக் குறைக்கும் ஸ்பிரிங்-ஷாக் செட்) 1,10,000, 17 இன்ச் அலாய் வீலும் டயரும் 1,25,000, முன்பக்கப் பெரிய பிரேக் 60,000, பக்கெட் சீட் (ரேஸ் கார் மாதிரி சீட்) 70,000, முழு பெயின்ட் 95,000, ஆடியோ 50,000. இதுபோக டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச், புஷ் வேலைகளுக்கு 1,20,000. கல்யாணம் முடிவாகியிருக்கிறது, புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும். "மொத்தம் 10.8 போட்டிருக்கேன் அண்ணா, 8-க்குக் கேட்டா நியாயம்தானே?" என்கிறார்.

நியாயம்தான் தம்பி. ஆனால் 8 வராது, 6-ம் வராது. நீங்கள் சொன்னபடியே வண்டி இருந்தால், இன்றைய கோலத்தில் 4.4 லட்சம் பக்கம் போகும். கழற்றிப் பிரித்து விற்றால் எல்லாம் சேர்த்து 5.4 பக்கம் கைக்கு வரும். ஏழரை என்றாலே நம் ஊரில் வேறு ஒன்று ஞாபகத்துக்கு வரும்; அந்த ஏழரையை மறந்துவிட்டு உட்கார்ந்தால்தான் விலை பேச முடியும். கணக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். நான் வில்சன் கார்டன் பக்கம் ஒரு கேரேஜில் இருபது வருடத்துக்கும் மேல் இருக்கிறேன். வண்டி வாங்கப்போகிறவர்கள் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கச் சொல்வார்கள். அந்த அனுபவத்தில் சொல்வது.

முதலில் என் கதை ஒன்று. என்னிடம் பழைய ஹோண்டா சிட்டி விடெக் இருந்தது, 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் ஞாயிறு விடியற்காலை நந்தி மலைக்குப் போனால் பத்து வண்டியில் நாலு அதுவாகத்தான் இருக்கும். இன்டேக், ஹெடர், ஸ்பிரிங், ஸ்டியரிங் என்று இரண்டே கால் லட்சம் கொட்டினேன். விற்கும்போது மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு பெரியவர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், உட்கார்ந்தார், ஸ்டியரிங்கைத் தொட்டார். "இதோட ஒரிஜினல் ஸ்டியரிங் எங்கே? ஏர் ஃபில்டர் டப்பா எங்கே?" என்று கேட்டார். இரண்டையும் சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் 1,500 ரூபாய்க்குப் போட்டிருந்தேன். சொன்னதும் அவர் பேசிக்கொண்டிருந்த விலையில் 40,000 குறைத்தார். பேரம் கூடப் பேசவில்லை, அவ்வளவுதான் என்றார். அந்த 1,500 ரூபாயை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

பழைய காரை வாங்க வருகிறவர் தலையில் ஓடும் கணக்கு அதுதான். நீங்கள் போட்டதைக் கூட்ட மாட்டார். இந்த வண்டியை நல்ல ஸ்டாக் நிலைக்கு (கம்பெனியிலிருந்து வந்தபடி) கொண்டுபோக என்ன ஆகும் என்று கழிப்பார். உங்கள் ரசனையும் அவர் ரசனையும் ஒத்துப்போனால் கழிப்பது குறையும். அப்போதும் கூட்டல் பெரிதாக வராது. அதனால் விலை போட ஆரம்பிக்க வேண்டிய இடம் உங்கள் பில் ஃபைல் இல்லை. இதே மாடல், இதே வருடம், கைபடாத வண்டி என்ன விலைக்குக் கைமாறியது என்பதுதான் தொடக்கம்.

நீங்கள் மூன்று விளம்பரம் அனுப்பியிருந்தீர்கள். 3.75 லட்சத்துக்கு ஒன்று, பெயின்ட் போன வண்டி, 1,60,000 ஓடியது. 4.6-க்கு ஒன்று, ஸ்டாக், இரண்டாவது ஓனர். 6.5-க்கு ஒன்று, முழுக்க மாட் (மாடிஃபிகேஷன், உங்களைப் போல மாற்றங்கள்) செய்தது. இந்த 6.5-ஐப் பார்த்துத்தான் உங்களுக்கு 8 என்று தோன்றியிருக்கிறது. அந்த விளம்பரம் எட்டு மாதமாகத் தொங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எட்டு மாதம் விற்காத விலையை விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அது அந்த ஓனருடைய ஆசை. 4.6 வண்டிக்காரருக்கு நீங்கள் போன் போட்டு, 4.2-க்குக் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னாரே, அந்த ஒரு வரிதான் நீங்கள் அனுப்பியதிலேயே தங்கம். விளம்பரம் எடுக்கப்பட்ட வண்டிகளுக்குப் போன் போட்டு, "முடிஞ்சிடுச்சா சார், எவ்வளவுக்குப் போச்சு?" என்று கேளுங்கள். பத்தில் நாலு பேர் உண்மையைச் சொல்வார்கள். விற்ற பிறகு பொய் சொல்ல அவர்களுக்குக் காரணம் இல்லை.

ஆக அடி விலை 4,20,000. இதிலிருந்து தொடங்கலாம்.

அதற்கு முன் ஒன்று. உங்கள் வண்டி உண்மையான ஆர்எஸ்தான் என்பதைக் காட்டத் தயாராக இருங்கள். சாதாரண ஆக்டேவியாவில் ஆர்எஸ் பம்பரும் பேட்ஜும் மாட்டிச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்எஸ் என்றால் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், சிலிண்டருக்கு ஐந்து வால்வு வீதம் 20 வால்வு, 150 குதிரைத்திறன். ஆர்சியில் வேரியன்ட் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக் குழிக்குள் கம்பெனி ஒட்டிய ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். சேசிஸ் நம்பர், என்ஜின், பெயின்ட் கோட் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அதே ஸ்டிக்கர் சர்வீஸ் புத்தகத்திலும் இருக்கும். இரண்டையும் தெளிவாகப் போட்டோ எடுத்து விளம்பரத்தில் போட்டால் பாதிப்பேர் கேள்வியே கேட்க மாட்டார்கள். நம்பரின் கடைசி எண்களை மட்டும் மறைத்துவிடுங்கள்.

இப்போது கழிக்க வேண்டியவை. மூன்றாவது ஓனர் என்பதற்கு 25,000. இதில் தர்க்கம் ஒன்றும் இல்லை, சந்தை வழக்கம். அடுத்தது உங்கள் ஆர்சி. இதை நீங்கள் ஒரு வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். வாங்குகிறவர் கடக்க மாட்டார்.

சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருடம். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வண்டியைக் காட்ட வேண்டும். உங்கள் வண்டி 2020-இல் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது, 2025 நவம்பரில் மறுபடி முடிகிறது. 15 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. 20 தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். (வெளிநாட்டிலிருந்து அப்படியே இறக்கிய காராக இருந்தால் 80,000, அந்த வகையில் நீங்கள் தப்பித்தீர்கள்.) பணம் பெரிதில்லை. அந்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு இந்தக் கோலத்தில் வண்டியை ஓட்டிப்போக முடியுமா என்பதுதான் கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சிக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். ரோட்டில் எல்லாரையும் பிடிக்கிறார்களா என்றால் இல்லை. ஆனால் வாங்க வருகிறவர் பேரத்தில் இதை எடுத்துப் போடுவார். போடாவிட்டால் அவர் கூட்டிவரும் மாமா போடுவார்.

உங்கள் வண்டியில் இந்த வகையில் இரண்டு முள் இருக்கிறது. ஒன்று கலர். ஆர்சியில் சில்வர், ரோட்டில் சாம்பல். கலர் மாற்றியதை ஆர்சியில் ஏற்ற வேண்டும். நீங்கள் ஏற்றவில்லை. 95,000 ரூபாய்க்கு அடித்த பெயின்ட் உங்களுக்கு ஒரு ரூபாய் கூடக் கூட்டித் தரவில்லை, கழிக்கத்தான் செய்கிறது. இதற்கு 40,000 கழிக்கிறேன், அதிகம் என்று தோன்றலாம். முழு பெயின்ட் என்றாலே பார்க்கிறவருக்கு முதல் சந்தேகம் ஆக்சிடென்ட். பெயின்ட் மீட்டர் வைத்துப் பார்ப்பார். கம்பெனி பெயின்ட் சுமார் 100, 150 மைக்ரான் காட்டும். மேலே இன்னொரு கோட் அடித்தது 250, 300 காட்டும். பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) வைத்த இடம் ஆயிரத்தைத் தாண்டும். உங்கள் வண்டியில் எல்லாப் பேனலும் 250 காட்டினால் ரசனைக்கு அடித்த பெயின்ட் என்று நம்புவார். வலது பின்கதவு மட்டும் 900 காட்டினால் கதையே வேறு. அடிப்பதற்கு முன் எடுத்த போட்டோக்கள் போனில் இருந்தால் தேடி எடுங்கள். டிங்கரிங் கடையில் வண்டி உரித்து நிற்கிற ஒரு போட்டோ இருந்தால் அந்த 40,000-இல் பாதியை மீட்டுவிடலாம்.

இரண்டாவது முள் எக்சாஸ்ட். டவுன்பைப் மாட்டும்போது, புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றி, "கடையிலேயே விட்டுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. கடைக்காரர் அதைக் குப்பையில் போட்டிருக்க மாட்டார். ஒருவேளை உங்களுக்கு எக்சாஸ்ட் மலிவாகக் கிடைத்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இப்போது கேடலிஸ்ட் இல்லாமல் புகைச் சோதனையும் இன்ஸ்பெக்‌ஷனும் தலைவலி. அதனால் 85,000 ரூபாய் எக்சாஸ்டுக்கு வண்டியோடு சேர்த்து நான் போடும் விலை மைனஸ் 20,000.

ஆர்சி புதுப்பிக்காமல் விற்றால் இன்னொரு 25,000 கழியும். புதுப்பித்துவிட்டு விற்பதுதான் புத்திசாலித்தனம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

கூட்டல் பக்கம் பார்ப்போம். உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வரி: டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச், புஷ். அதை நீங்கள் "இதுபோக" என்று ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். இந்த என்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். என்ஜின் வேலை வண்டி விலையைத் தொடும். பழைய வாட்டர் பம்பில் பிளாஸ்டிக் இம்பெல்லர், அது உடைந்தும் வண்டிகள் ஹோசூர் ரோட்டில் ஆவி கிளப்பி நின்றிருக்கின்றன. ஆக்டேவியா வாங்குகிற விவரம் தெரிந்தவர் இந்த வேலைக்கென்று முதல் நாளே ஒரு லட்சம் ஒதுக்கிவைப்பார். பில்லோடு காட்டினால் அதில் பாதிக்கு மேல் உங்களுக்குத் தருவார். 60,000 கூட்டுகிறேன். பில் இல்லாவிட்டால் பூஜ்ஜியம். "போன வருஷம்தான் மாத்தினேன் சார்" என்று பெங்களூரில் எல்லா வண்டிக்காரரும் சொல்வார்கள்.

பிரேக் 20,000. 312 மில்லிமீட்டர் டிஸ்க் இந்தக் குடும்பத்து வண்டிகளுக்குத் தெரிந்த, பழகிய மாற்றம், பேட் கிடைக்கும், யாரும் பயப்பட மாட்டார்கள். காயிலோவர் 20,000. நல்ல பிராண்டாக இருக்கலாம், ஆனால் நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிற வண்டியை அப்பா அம்மாவை உட்காரவைத்து ஓட்ட முடியாது. வாங்குகிறவர் மனைவி ஒருமுறை ஏறி இறங்கினால் பேரம் முடிந்தது. அலாயும் டயரும் 30,000. அதிலும் ஒரு சிக்கல்: இந்த ஆக்டேவியாவுக்கு ஐந்து போல்ட், 100 மில்லிமீட்டர் வட்டம். அடுத்த தலைமுறை 112-க்குப் போய்விட்டது. அதனால் அலாயைத் தனியாக வாங்குகிறவர்கள் குறைவு, ஆனால் தேடுகிறவர் கிடைத்தால் விடமாட்டார். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 1419 என்றால் 2019-ஆம் வருடம் 14-ஆவது வாரம். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் டயருக்கு விலை சொல்லாதீர்கள், சிரிப்பார்கள்.

ஆடியோ பூஜ்ஜியம். பக்கெட் சீட்டும் பூஜ்ஜியம். பக்கவாட்டு ஏர்பேக் ஒரிஜினல் சீட்டுக்குள் இருக்கிற வண்டி என்றால் டேஷில் ஏர்பேக் விளக்கு எரியும், அப்போது மைனஸ்.

ரீமேப்பைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அதில்தான் பெருமை அதிகம். ஸ்டேஜ் 1 (முதல் நிலை ரீமேப்) போட்டால் இந்த என்ஜின் 180-ஐத் தாண்டும், ஓட்டினால் சிரிப்பு வரும், எனக்குத் தெரியும். ஆனால் வாங்குகிறவருக்கு அது ஒரு கேள்வி: இருபது வருடம் பழைய டர்போவை இந்த மனிதர் எத்தனை நாள் கசக்கினார்? டைனோ ஷீட் (என்ஜின் திறனை அளந்த தாள்) காட்டினால் கேள்வி போகாது. அவர் நம்பும்படியான சாட்சி வேறு. லேப்டாப்பில் விஏஜி ஸ்கேனர் (ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளின் கம்ப்யூட்டரைப் படிப்பது) போட்டு மூன்று பிளாக் (அளவீட்டுப் பக்கம்) காட்டுங்கள். 032-இல் ஃப்யூவல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு. பத்து சதவீதத்தைத் தாண்டிப் போயிருந்தால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது ஏர் மாஸ் சென்சார் போகப்போகிறது. 115-இல் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) வந்த பூஸ்டும். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். 020-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாக் (என்ஜின் தட்டுவது) வந்து இக்னிஷன் டைமிங் எவ்வளவு பின்வாங்குகிறது என்று தெரியும். அதோடு கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது) எடுத்துத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒட்டி நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

சில மாதம் முன்பு இதே மாடல் ஒன்றைப் பார்க்க ஒருவர் என்னை ராஜாஜிநகருக்குக் கூட்டிப்போனார். நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று முன்தினமே சொல்லியிருந்தோம். போனதும் புறங்கையால் பானட்டைத் தொட்டேன், சூடாக இருந்தது. "காலைல கோயிலுக்குப் போய்ட்டு வந்தோம் சார்" என்றார் ஓனர். வீட்டு வாசலில் தண்ணி தெளித்துப் போட்ட கோலத்தில் டயர்த் தடம் ஒன்றுகூட இல்லை. நின்ற இடத்திலேயே சூடேற்றியிருக்கிறார். ஒரு மணி நேரம் காபி குடித்துவிட்டு வந்து பானட்டைத் திறந்தோம். இன்டர்கூலர் பைப் சேரும் இடத்தில் கிளாம்ப் புத்தம்புதிது, அதைச் சுற்றி மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது, ஒரு சாண் தள்ளி எண்ணெய்ப் பிசுக்கு. கம்ப்ரெஷன் 150, 148, 152, நாலாவது 118. நாங்கள் எதுவும் சொல்லவில்லை, போன் பண்ணுகிறோம் என்று கிளம்பிவிட்டோம். அந்த வண்டி 2.6-க்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த ஓனரும் ஏழு லட்சம் செலவழித்தவர்தான்.

ஆகவே ரீமேப்புக்குக் கூட்டல் இல்லை. ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏற்றிக் கொடுப்பேன் என்று சொன்னால் கழித்தலும் இல்லை.

கூட்டிப் பாருங்கள். 4,20,000-இல் ஓனர் எண்ணிக்கைக்கு 25, ஆர்சிக்கு 25, கலருக்கு 40, எக்சாஸ்டுக்கு 20 ஆயிரம் போனால் 3,10,000. பராமரிப்புக்கு 60, பிரேக்குக்கு 20, காயிலோவருக்கு 20, அலாய்க்கு 30 ஆயிரம் சேர்த்தால் 4,40,000. இந்த விலைக்கும் சரியான பார்ட்டி ஒருவர் வர வேண்டும். இருபது வயது வண்டிக்கு எந்த பேங்கும் லோன் தராது, முழுப் பணத்தையும் கையிலிருந்து போட வேண்டும். வண்டியைத் திருடிக்கொண்டு போனாலும் இன்ஷூரன்ஸில் அந்தப் பணம் வராது. புதுக் காருக்கு ஐடிவி (இன்ஷூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு) வருடா வருடம் எவ்வளவு குறைய வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது, ஐந்தாவது வருடம் முடிவதற்குள் பாதி. அதற்கு மேல் கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்வது. மாற்றங்களைச் சொல்லாமல் பாலிசி எடுத்திருந்தால் கிளெய்ம் நாளில் அதுவும் போச்சு. இவ்வளவையும் தாங்குகிற ஆள் மாதத்துக்கு ஒருவர் வந்தால் பெரிது.

சரி, பிரித்து விற்கும் கணக்கு. உங்கள் ஒரிஜினல் ஷாக், ஸ்பிரிங், சீட், சைலன்சர், அலாய் எல்லாம் கிருஷ்ணகிரி வீட்டுப் பரணில் இருக்கிறது என்றீர்கள். அந்த ஒரு விஷயத்துக்காகவே உங்கள் அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுக்கலாம். காயிலோவர் தனியாக 50,000, அலாயும் டயரும் 50,000, சீட் 35,000, எக்சாஸ்ட் 30,000, ஆடியோ 12,000. மொத்தம் 1,77,000. இந்தச் சாமான்களை ஜேசி ரோட்டுக் கடைக்காரர்களிடம் கொண்டுபோகாதீர்கள், பாதிகூடத் தேறாது. இதே வண்டி வைத்திருப்பவர்களிடம் நேராக விற்க வேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டும். பிரேக்கை மட்டும் கழற்ற வேண்டாம். அது வண்டியில் இருக்கட்டும், அங்கே அதற்கு மதிப்பு உண்டு, கழற்றினால் இரும்பு.

செலவு: கழற்றி மாட்டக் கூலி 20,000, பழைய அலாய்க்கு டயர் 25,000, கேடலிஸ்ட் 30,000, ஆர்சி புதுப்பிப்பும் கலர் ஏற்றுவதும் 25,000. ஒரு லட்சம். இப்போது வண்டி ஸ்டாக், ஆர்சி 2030 வரை, கலர் ஆர்சியில் ஏறியது, பராமரிப்பு பில்லோடு. 4,20,000-இல் ஓனருக்கு 25,000 போய், பராமரிப்புக்கு 60,000 சேர்ந்து, பிரேக்குக்கு ஒரு 15,000 சேர்ந்தால் 4,70,000. சாமான் விற்றதைக் கூட்டி, செலவைக் கழித்தால் 5,47,000. ஒரு லட்ச ரூபாய் வித்தியாசம், இரண்டு மாத அலைச்சல். அதைவிட முக்கியம், 4.7-க்கு ஸ்டாக் வண்டி வாங்க ஆள் அதிகம். கல்யாணத் தேதி நெருங்க நெருங்க மாட் வண்டியில் உங்கள் கை இறங்கிக்கொண்டே போகும். ஸ்டாக் வண்டியில் அவ்வளவு இறங்காது.

மாட் செய்தால் விலை ஏறும் கார் உலகத்திலேயே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அந்தக் காலத்திலேயே பேர்பெற்ற டியூனர் செய்து ஆவணத்தோடு வந்தவை. நம் நாட்டில் அந்தச் சந்தை உருவாகவே இல்லை. மூன்று வயதுக்கு மேற்பட்ட பழைய காரை இறக்குமதி செய்ய முடியாது என்பதால் ஜப்பானியப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் இங்கே வரவில்லை, வந்த கொஞ்சமும் கேள்விக்குறியோடு வந்தது. வின்டேஜ் பதிவு வேண்டும் என்றால் 50 வயதாக வேண்டும், அதிலும் சேசிஸ், பாடி, என்ஜின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. உங்கள் ஆக்டேவியா 2055-இல் தகுதி பெறும். அதற்குள் பேரன் வந்துவிடுவான்.

யாருக்கு விற்பது என்பதிலும் விலை இருக்கிறது. ஹோசூர்க்காரரோ சேலத்துக்காரரோ கேட்டால் படிவம் 28-இல் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும். அங்கே போய் வரி கட்டி, டிஎன் நம்பர் வாங்கும் செலவையும் அலைச்சலையும் உங்கள் விலையில்தான் கழிப்பார். அதனால் முதல் ஒரு மாதம் கர்நாடகப் பதிவு வைத்துக்கொள்பவர்களுக்கு மட்டும் காட்டுங்கள். கேரளத்திலிருந்து ஆர்வமாகக் கேட்பார்கள், ரசனை உள்ள ஊர். ஆனால் அங்கே போக்குவரத்துத் துறை மாட் வண்டி விஷயத்தில் மிகவும் கறார். ஸ்டாக்காக இருந்தால்தான் பேச்சு நகரும். டெல்லி வண்டிகளின் விலையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு வந்த கட்டுப்பாட்டால் விலை அடிமட்டத்துக்குப் போனது, அந்த விலையை இங்கே யாராவது காட்டினால் என்ஓசி, வரி, கொண்டுவரும் செலவு மூன்றையும் கேளுங்கள்.

பழைய பெட்ரோல் கார் வாங்குகிறவர்கள் இப்போது கேட்கும் புதுக் கேள்வி ஒன்று: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டி அதற்காகச் செய்ததில்லை. ஃப்யூவல் ஹோஸ், ஓ-ரிங் மாற்றியிருந்தால் அந்தப் பில்லையும் ஃபைலில் வையுங்கள். இல்லையென்றால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை, பேரத்தில் ஒரு வாயை அடைக்கும்.

பணம் வாங்கும்போது இரண்டு விஷயம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், வருமான வரிச் சட்டப்படி வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடலாம். பேங்க் வழியாகவே வாங்குங்கள். படிவம் 29-லும் 30-லும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு "அவர் மாத்திப்பார்" என்று இருந்துவிடவும் கூடாது. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் ஓட்டி யாரையாவது இடித்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும், அதுவும் கல்யாணமான புதுசில். ஐந்து பத்தாயிரத்தை நிறுத்திவைத்து, பெயர் மாறியதும் வாங்கிக்கொள்வதாகப் பேசுங்கள். புரோக்கர் நடுவில் இருந்தால் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார், அப்படியென்றால் அந்தப் புரோக்கர் வேண்டாம்.

விளம்பரத்தில் 5.1 என்று போடுங்கள், 4.7-க்கு இறங்க இடம் இருக்கட்டும். "மொத்தச் செலவு 10.8 லட்சம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படிக்கிறவருக்கு அதில் தெரிவது வண்டியின் தரம் இல்லை, விற்றே ஆக வேண்டிய ஒருவர்.

இந்த வாரம் ஊருக்குப் போகும்போது பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள். முன் ஷாக்கில் எண்ணெய் கசிந்த கறை இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் எலி கடிக்காமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த இரண்டும் சரியாக இருந்தால் மேலே சொன்ன கணக்கு அப்படியே நிற்கும். கனெக்டர் போயிருந்தால் மட்டும் இன்னொரு 15,000 கழித்துக்கொள்ளுங்கள்.